குழந்தைக்கு 45-ம் நாள் ஊசி... அம்மாவுக்கு எந்த டெஸ்ட்?

"சுகர் போயிடுச்சும்மா! இனிமே இன்சுலின் வேண்டாம்னு நர்ஸ் அக்கா சொல்லிட்டாங்க."

பிரசவ வார்டில் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இந்த வார்த்தையைக் கேட்டதும் குடும்பமே நிம்மதியாகிவிடும். ஏழாவது மாதத்தில் 'சுகர் இருக்கு' என்று சொன்ன நாளிலிருந்து அந்தப் பெண் பட்ட பாடு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வளைகாப்பு அன்று இலை நிறைய கலவை சாதம் இருக்க, இரண்டு கரண்டி தயிர்சாதத்தோடு எழுந்தவள். விரலைக் குத்திக் குத்தி ரத்தம் பார்த்தவள். சொந்தக்காரர்கள் நீட்டிய ஜிலேபியை 'வேண்டாம் அத்தை' என்று மறுத்து மறுத்தே களைத்துப்போனவள்.

வீட்டுக்கு வந்ததும் குளுக்கோமீட்டர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது. ஸ்கேன் படங்களும் ரத்தப் பரிசோதனைத் தாள்களும் இருக்கிற ஃபைலும் அதற்குப் பக்கத்திலேயே போகிறது.

அந்த ஃபைலை மறுபடி எப்போது திறப்பார்கள்? பல வீடுகளில், அடுத்த கர்ப்பத்தின்போது. சில வீடுகளில், பத்து வருடம் கழித்து 'அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கு' என்று தெரியவரும்போது.

ஆனால், அந்த ஃபைலைத் திறக்க மருத்துவம் ஏற்கெனவே ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறது. பிரசவமாகி ஆறு வாரம். அதாவது, குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போடுகிற அதே சமயம். குழந்தையின் ஊசி நாளை எந்த அம்மாவும் மறப்பதில்லை. அதே வாரத்தில் தனக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

அது என்ன பரிசோதனை, அதைத் தவறவிட்டால் பின்னால் வந்து நிற்கிற 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்பது என்ன? இந்த வாரம் பார்க்கலாம்.

ஒன்பது மாத டிரெட்மில் டெஸ்ட்

இதயம் எப்படி இருக்கிறது என்று பார்க்க டிரெட்மில்லில் நடக்க விடுவார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். வேகம் கூடும்போதுதான் உள்ளே ஒளிந்திருக்கும் பிரச்னை வெளியே வரும்.

கர்ப்பமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒன்பது மாதமும் ரத்த அளவு கூடுகிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. குழந்தைக்குச் சத்து போய்ச்சேர வேண்டும் என்பதற்காக, நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் அம்மாவின் உடம்பில் இன்சுலின் எளிதில் வேலை செய்யாதபடி தடுக்கின்றன. அதைச் சமாளிக்க, அம்மாவின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது.

கணையத்துக்குத் தெம்பு இருந்தால் சமாளித்துவிடும். முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அதுதான் கர்ப்பகால சர்க்கரைநோய். ரத்தக்குழாய்கள் இந்தச் சுமையைத் தாங்க முடியாமல் திணறும்போது பிரஷர் ஏறுகிறது. ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதம் போவது, ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவது என்று வந்தால் அதற்குப் பெயர் 'ப்ரீ எக்ளாம்ப்சியா'.

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்த ஹார்மோன்கள் வேகமாகக் குறைகின்றன. சர்க்கரை அளவும் இறங்கிவிடுகிறது. இதைத்தான் 'சுகர் போயிடுச்சு' என்கிறோம். டிரெட்மில்லை நிறுத்தியதும் மூச்சிரைப்பு நிற்கிற மாதிரிதான் இது. மெஷின் நின்றுவிட்டது, அது காட்டிய ரிசல்ட் மாறிவிடவில்லை.

அந்தக் கணக்கே அம்மாவுக்காகப் போட்டதுதான்!

கர்ப்பிணிக்குச் சர்க்கரை பார்ப்பது வயிற்றிலிருக்கும் குழந்தைக்காக மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். குழந்தை அதிக எடையோடு பிறந்துவிடக் கூடாது, பிறந்ததும் அதற்குச் சர்க்கரை இறங்கிவிடக் கூடாது என்கிற கவலைகள் உண்மைதான்.

ஆனால், கர்ப்பகால சர்க்கரைக்கு முதன்முதலில் எண்களை வகுத்தபோது மனதில் இருந்தது அம்மாவின் எதிர்காலம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் ஓ'சல்லிவன் என்ற மருத்துவரும், புள்ளியியல் நிபுணர் கிளேர் மஹானும் 752 கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் கொடுத்துப் பரிசோதித்து, 1964-ல் அந்த அளவுகோலை வெளியிட்டார்கள். எந்த அளவுக்கு மேல் போனால் பிற்காலத்தில் அந்தப் பெண்ணுக்கே சர்க்கரைநோய் வருகிறது என்பதுதான் அவர்கள் தேடிய விடை.

சென்னைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கர்ப்பிணிகளை வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் பலர் வர முடிவதில்லை. இன்னொரு நாள் வாருங்கள் என்றால் திரும்பி வருவதில்லை. இதைப் பார்த்த சர்க்கரைநோய் மருத்துவர் வி.சேஷய்யா, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கும் முறையை முன்வைத்தார். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை. மத்திய அரசின் வழிகாட்டுதலும் இந்த முறையையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதல் பரிசோதனையின்போது ஒரு முறை, 24 முதல் 28 வாரங்களுக்குள் இன்னொரு முறை. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீரை முகம் சுளித்துக் குடிக்கும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

அதே வழிகாட்டுதலில் இன்னொரு வரியும் இருக்கிறது. கர்ப்பகால சர்க்கரை வந்த அம்மாவுக்குப் பிரசவமாகி ஆறாவது வாரத்தில் மறுபடியும் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பத்தில் செய்யும் டெஸ்ட் பரவலாகிவிட்டது. இந்த இரண்டாவது வரிதான் பல வீடுகளுக்குப் போய்ச்சேரவில்லை.

ஐந்து எண்கள்... மூன்று போதும்!

ரத்தத்தில் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, வயிற்றுச் சதை. இவற்றைத் தனித்தனி பிரச்னைகளாகத்தான் நாம் பார்க்கிறோம். இவை பெரும்பாலும் கூட்டாக வருகின்றன, இவற்றின் அடியில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை இருக்கிறது என்று 1988-ல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன். அவர் இதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். இப்போது மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம்.

நம் ஊர்ப் பெண்களுக்கு மருத்துவர்கள் பார்க்கும் ஐந்து எண்கள் இவை:

1. வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ. (சுமார் 31½ இன்ச்) அல்லது அதற்கு மேல்.

2. ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். இரண்டில் ஒரு எண் கூடினாலும் கணக்குதான்.

3. வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல்.

4. டிரைகிளிசரைட்ஸ் என்ற ரத்தக் கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல்.

5. நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல் 50-க்குக் கீழ்.

இதில் ஏதாவது மூன்று இருந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் வைத்திருந்தாலும் அது எண்ணிக்கையில் சேரும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எண்கள் பார்டரில் இருக்கும்போது வலி இருக்காது, மயக்கம் இருக்காது. வீட்டு வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். 'லேசா கூட இருக்கு, பரவாயில்ல' என்று ஒவ்வொரு எண்ணையும் தனியாகத் தள்ளிவிடலாம். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சர்க்கரைநோய், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான ஆபத்து கூடியிருப்பது புரியும்.

வயிற்றைச் சரியாக அளப்பது முக்கியம். பாவாடை நாடா கட்டும் இடத்திலோ, ஜீன்ஸ் சைஸை வைத்தோ கணக்குப் போடக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளக்க வேண்டும். குழந்தை பிறந்த உடனே இந்த அளவைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால்தான் அர்த்தம். கொழுப்பும் அப்படியே. கர்ப்ப காலத்தில் டிரைகிளிசரைட்ஸ் இயல்பாகவே இரண்டு, மூன்று மடங்கு ஏறும். அதனால் கொழுப்புப் பரிசோதனையைச் சில மாதங்கள் கழித்து, மருத்துவர் சொல்லும் நேரத்தில் எடுக்கலாம்.

எத்தனை மடங்கு ஆபத்து?

'லான்செட்' மருத்துவ இதழில் 2009-ல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியானது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்ததில், கர்ப்பகால சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரைநோய் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட 7 மடங்குக்கு மேல் இருந்தது. 2020-ல் 'பி.எம்.ஜே' இதழில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து மறுபடியும் கணக்கிட்டபோது, அது ஏறத்தாழ 10 மடங்காகத் தெரிந்தது.

பிரஷர் வந்தவர்களுக்கும் இதே பாடம்தான். 2007-ல் அதே 'பி.எம்.ஜே' இதழில் வந்த தொகுப்பு ஆய்வின்படி, ப்ரீ எக்ளாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். இதய ரத்தக்குழாய் அடைப்பு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. 2011-ல் அமெரிக்க இதயச் சங்கம், பெண்களின் இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகளின் பட்டியலில் கர்ப்பகால சர்க்கரையையும் ப்ரீ எக்ளாம்ப்சியாவையும் சேர்த்தது.

இந்த எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். '10 மடங்கு' என்றால் எல்லோருக்கும் வந்தே தீரும் என்று பொருளில்லை. மற்றவர்களைவிட முன்கூட்டியே, அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியவர் என்று பொருள். 45 வயதில் தெரியவரும் ஒரு விஷயம் 28 வயதிலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்ததைப் பயன்படுத்தினால் அது லாபம்.

ஏன் தவறிப்போகிறது?

தவறு அந்தப் பெண்ணின் அலட்சியத்தில் இல்லை. நம் வீட்டு வழக்கங்களிலேயே அதற்கான இடைவெளி இருக்கிறது.

கர்ப்பத்தைப் பதிவு செய்தது புகுந்த வீட்டு ஊரில். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குப் போனது தாய் வீட்டுக்கு. குழந்தை பிறந்தது அங்கே பக்கத்தில் இருக்கிற இன்னொரு மருத்துவமனையில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வரும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டை பத்திரமாகக் கைப்பையில் வரும். அம்மாவின் ஃபைல் தாய் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். ஆறாவது வாரம் என்பது சரியாக இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் விழுகிறது.

அந்த நேரத்தில் அவள் நிலையையும் யோசிக்க வேண்டும். இரவு முழுக்கத் தூக்கமில்லை. சிசேரியன் தையல் இன்னும் இழுக்கிறது. 'பச்சை உடம்பு, வெளியே போகாதே' என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார், குழந்தையை யார் பார்ப்பது? 'அதான் சுகர் போயிடுச்சே' என்ற ஒரு வரி போதும், டெஸ்ட் நின்றுபோக.

ஊசி நாளில் ஒரே அலைச்சல்

இதற்கு எளிய வழி, இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுதான். ஒன்றரை மாத ஊசிக்காகக் குழந்தையோடு எப்படியும் வெளியே கிளம்ப வேண்டியிருக்கிறது. அதே நாளில், அல்லது அதே வாரத்தில் அம்மாவின் டெஸ்ட்டையும் முடித்துவிடலாம். எங்கே, எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே கிராம சுகாதார செவிலியரிடமோ, பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

முறை இதுதான். முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடித்த பிறகு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுப்பார்கள். இடையில் குழந்தைக்குத் தாராளமாகப் பால் கொடுக்கலாம். கூடவே பிரஷரும் பார்த்துவிட வேண்டும்.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ், இரண்டு மணி நேரம் கழித்து 140-க்குக் கீழ் என்றால் நார்மல். வெறும் வயிற்றில் 100 முதல் 125, அல்லது இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 140 முதல் 199 என்றால் சர்க்கரைநோய்க்கு முந்தைய நிலை. 126, 200 என்ற அளவுகளைத் தொட்டால் சர்க்கரைநோயாக இருக்கலாம்; மருத்துவர் உறுதிசெய்து சிகிச்சை தொடங்குவார்.

நார்மல் என்று வந்தாலும் ஃபைலை மேலே ஏற்றிவிடக் கூடாது. ஒன்று முதல் மூன்று வருடங்களுக்கு ஒரு முறை, ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழி: குழந்தையின் பிறந்த நாள் வருகிற மாதத்தில் அம்மாவுக்கு டெஸ்ட். கேக்குக்கு ஆர்டர் கொடுக்கிற அப்பாவே லேபுக்கும் நேரம் குறித்துவிடலாம்.

பிரஷர் வந்தவர்கள் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது

சர்க்கரைக்குத்தான் ஆறு வாரக் கணக்கு. கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவர்களுக்குக் கதை வேறு. பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை ரத்த அழுத்தம் மறுபடி ஏறலாம். அப்போது பலரும் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருப்பார்கள். அதனால் முதல் மூன்று நாள்களுக்குள் ஒரு முறை, பத்து நாள்களுக்குள் இன்னொரு முறை பிரஷர் பார்ப்பது அவசியம். மாத்திரை கொடுத்திருந்தால் தானாக நிறுத்தக் கூடாது.

விடாத தலைவலி, பார்வை மங்குவது, கண்ணில் மின்னல் பூச்சி பறப்பது போலத் தெரிவது, மேல்வயிற்றில் கடுமையான வலி, மூச்சுத்திணறல், வலிப்பு... பிரசவமாகி ஆறு வாரங்களுக்குள் இதில் ஏதாவது வந்தால் 'தூக்கம் கெட்டதால வந்த தலைவலி', 'வாயு' என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும், அல்லது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே போனதும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: 'குழந்தை பிறந்து இத்தனை நாள் ஆகிறது, கர்ப்பத்தில் பிரஷர் இருந்தது.'

அறிவுரை மட்டும் போதாது!

'நடக்கணும், சாப்பாட்டைக் குறைக்கணும்.' இதைச் சொல்லாதவர்கள் இல்லை. சொன்னால் மட்டும் நடந்துவிடுமா?

இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில் கர்ப்பகால சர்க்கரை வந்த 1,800-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு உணவு, உடற்பயிற்சி குறித்த ஒரு வருடப் பயிற்சித் திட்டம். இன்னொரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. 2022-ல் வெளியான முடிவில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் இரண்டிலுமே ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நிலை மோசமாகியிருந்தது.

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் நடந்த பிரபலமான சர்க்கரைநோய்த் தடுப்பு ஆய்வு இருக்கிறது. முன்பு கர்ப்பகால சர்க்கரை வந்து, இப்போது சர்க்கரைநோய்க்கு முந்தைய நிலையில் இருந்த பெண்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் வாரம் 150 நிமிட நடை, உடல் எடையில் 7 சதவிகிதக் குறைப்பு என்ற இலக்கோடு தொடர் உதவி பெற்றவர்களுக்குச் சர்க்கரைநோய் வருவது சுமார் மூன்று வருட காலத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு 'வாழ்க்கைமுறையை மாற்று' என்று பொதுவாகச் சொல்வதில் பலன் குறைவு. எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டவர் யார் என்று டெஸ்ட் மூலம் கண்டுபிடித்து, அவருக்குத் தொடர்ந்து கைகொடுத்தால் பலன் உண்டு. கைகொடுப்பதில் மருத்துவமனைக்கு ஒரு பங்கு என்றால், வீட்டுக்கு இன்னொரு பங்கு.

வீடு செய்ய வேண்டியது

தினமும் அரை மணி நேரம் நடப்பதற்கு முதலில் தேவை ஷூ அல்ல. அந்த அரை மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ள ஓர் ஆள். கணவரோ, மாமியாரோ, 'நீ போய்ட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்' என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. எப்போது நடக்கத் தொடங்கலாம் என்பதை, சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாய்ப்பால் கொடுப்பது குழந்தைக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் நல்லது. நீண்ட மாதங்கள் பால் கொடுத்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரைநோய் வருவது குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பால் கொடுக்கும் காலத்தில் பட்டினி கிடந்து எடை குறைப்பது கூடாது.

பத்தியச் சாப்பாட்டில் பூண்டுக் குழம்பு, கருவாடு, சுறாப்புட்டு, கீரை என்று நல்லவை நிறைய இருக்கின்றன. கவனிக்க வேண்டியது, பால் ஊற வேண்டும் என்று சோற்றையும் நெய்யையும் அளவில்லாமல் வைப்பதை. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றக்கூடியவைதான். ராகியைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பதைவிட, முருங்கைக்கீரை போட்டு அடையாகச் சாப்பிடலாம். தட்டில் பாதி காய்கறி, கால் பகுதி பருப்பு, முட்டை, மீன் அல்லது சுண்டல், மீதிக் கால் பகுதி சோறு. அவளுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீட்டில் எல்லோருமே இப்படிச் சாப்பிட்டால் அவள் மட்டும் கட்டுப்பாட்டில் இருப்பதாகத் தோன்றாது.

அடுத்த குழந்தைக்கு முன்னால்...

ஆறாவது வார டெஸ்ட்டைத் தவறவிடுவதில் இருக்கும் பெரிய ஆபத்து இங்கேதான். கர்ப்பகால சர்க்கரை வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அடுத்த கர்ப்பத்திலும் அது வருகிறது. இடைப்பட்ட காலத்தில் தெரியாமலேயே சர்க்கரைநோய் வந்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். குழந்தையின் இதயம், மூளை, முதுகுத்தண்டு எல்லாம் முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகிவிடுகின்றன. நாள் தள்ளிப்போய், டெஸ்ட் எடுத்து, டாக்டரிடம் போவதற்குள் அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்துவிடும். அந்த வாரங்களில் சர்க்கரை அதிகமாக இருந்தால் பிறவிக் குறைபாடுகளுக்கான வாய்ப்பும், கரு கலைவதற்கான வாய்ப்பும் கூடுகின்றன.

அதனால், அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும்போதே சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட வேண்டும். முன்பு ப்ரீ எக்ளாம்ப்சியா வந்தவர்கள் கர்ப்பமானதும் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் மூன்றாவது, நான்காவது மாத வாக்கிலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார். இதை யாரும் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

வீடுகளில் கேட்கும் கேள்விகள்

*வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதே, அதில் பார்த்தால் போதாதா?*
போதாது. வெறும் வயிற்றில் நார்மலாக இருந்து, குளுக்கோஸ் குடித்த பிறகு மட்டும் ஏறுகிறவர்கள் உண்டு. அவர்களை அது காட்டிக்கொடுக்காது.

*மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுக்கலாமா?*
பிரசவமான புதிதில் ரத்த இழப்பும் ரத்தசோகையும் அந்த எண்ணை மாற்றிக் காட்டலாம். ஆறாவது வாரத்தில் குளுக்கோஸ் டெஸ்ட்தான் நம்பகமானது.

*குழந்தைக்கு இப்போது நாலு வயசு. ஆறு வாரமெல்லாம் எப்போதோ போய்விட்டதே?*
இந்த வாரமே பார்க்கலாம். தாமதமாகப் பார்ப்பது, பார்க்காமலே இருப்பதைவிட நல்லது.

*உடம்பு ஒல்லிதான். அப்போதும் பார்க்க வேண்டுமா?*
வேண்டும். எடை நார்மலாக இருந்தும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வது நம் நாட்டவரிடம் அதிகம்.

*அம்மாவுக்கு 52 வயது. இதெல்லாம் அவருக்குப் பொருந்துமா?*
நிச்சயமாக. 'என்னைச் சுமந்தப்போ உனக்கு பிரஷர் இருந்துச்சாம்மா? கால் வீங்கி, முன்னாடியே பிரசவம் ஆச்சா? பிறந்தப்போ நாங்க நாலு கிலோவுக்கு மேல இருந்தோமா?' என்று பிள்ளைகள் கேட்கலாம். அன்றைக்குப் பல ஊர்களில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்கும் வழக்கம் இல்லை. அதற்கான தடயம் அம்மாக்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பதிலை மருத்துவரிடம் சொன்னால், அம்மாவின் இதயத்தைப் பற்றி அவர் எடுக்கும் முடிவுக்கு உதவும்.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஒன்றே ஒன்று செய்யலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்து, அதன் அம்மாவுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரையோ பிரஷரோ இருந்திருந்தால், குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுங்கள். ஒன்றரை மாத ஊசிக்கு எதிரே இருக்கிற தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதுங்கள்: 'அம்மாவுக்கு சுகர், பிரஷர் டெஸ்ட்.'

அந்த அட்டை எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும்.